சிவநேசம் அன்ரி மாற்றிப் போட்ட தீன்

என் அம்மாவின் தோழி சிவநேசம் அன்ரி, மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடங்களாக எலிகளைப் பராமரிக்கிறார். கூடு கழுவுவதும் தீன் போடுவதும்தான் வேலை. "எலிக்குச் சமைக்கப் போறன்" என்றுதான் காலையில் மெற்றோவுக்குப் புறப்படுவார். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். அங்கே நடப்பதெல்லாம் அன்ரி சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

அந்த ஆய்வுகூடத்தில் ஆர்த்திகா புற்றுநோய் பற்றி ஆராய்கிறாள். இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அவள் செய்வது ஒருவகை பிளாஸ்ரிக் துணிக்கைகள். தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். எலியின் வாலில் உள்ள இரத்தக் குழாயில் ஊசியால் ஏற்றினால் அவை புற்றுக்கட்டியில் போய்ச் சேரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் தசைக்குள் ஆழமாக இறங்கும். துணிக்கைகள் அதை உறிஞ்சி, கொஞ்சத்தை ஒளியாகத் திருப்பித் தரும். கட்டி எங்கே என்று கமரா அதில் கண்டுபிடிக்கும். மிச்சம் சூடாகிக் கட்டியைப் பொசுக்கும்.

போன பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்த படங்களில் ஊசி போட்ட எலிகளின் வயிறு மட்டும் முழுக்க ஒளிர்ந்தது. துணிக்கைகள் குடலில் தங்கிவிட்டன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வேலையைக் கைவிடச் சொன்னார் ஆய்வுகூடத் தலைவர். மூன்று வருட உழைப்பு. ஆர்த்திகா கூடு கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

அன்ரிக்குத் தான் போட்ட தீன் நினைவுக்கு வந்தது. முந்தின சனிக்கிழமை பனிப்புயலில் ஆய்வுக்கான தீன் வந்து சேரவில்லை. மிச்சமிருந்தது ஊசி போடாத எலிகளுக்கு மட்டுமே போதும். வாயில்லாச் சீவன்களைப் பட்டினி போட மனம் வராமல் மற்றவற்றுக்குச் சாதாரண தீனைப் போட்டிருந்தார். பதிவுப் புத்தகத்தில் எழுதவில்லை. சொன்னால் வேலை போகலாம். ஐம்பத்தெட்டு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

"பிள்ளை, சனிக்கிழமை நான் தீனை மாத்திப் போட்டனான்."

ஆர்த்திகா கண்ணைத் துடைத்தாள். "என்ன நிறம், அன்ரி?"

"பச்சை. புல்லு மணம்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இலையின் பச்சையும் அந்த வெளிச்சத்தில் ஒளிருமாம்; ஆய்வுத் தீனில் அது இல்லையாம். "ஐயோ அன்ரி, என்ர மூண்டு வருசத்தையும் புல்லுக்கு இரை குடுக்கப் பாத்தியளே!"

"கத்தாதை, எலி பயப்பிடும்."

தலைவரிடம் நடந்ததைச் சொல்லி ஒரு கிழமை தவணை வாங்கினார்கள். ஆய்வுத் தீன் வந்தது. அடுத்த படங்களில் வயிறு இருண்டு, கட்டி மட்டும் சின்னப் பொட்டாக ஒளிர்ந்தது. ஆர்த்திகா அன்ரியைக் கட்டிப்பிடித்துத் திரையைக் காட்டினாள்.

பிறகு மேற்பார்வையாளர் யோசெப் அன்ரியைக் கூப்பிட்டார். அவர் திருகோணமலைக்காரர். ஒரு கடிதத்தை நீட்டினார்.

"அக்கா, எழுதாமல் விட்டது பிழை. இது எச்சரிக்கை. நீங்களா வந்து சொன்னபடியாத்தான் வேலை மிஞ்சினது."

அன்ரி கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரெஞ்சில் நன்றி சொன்னார். "மெர்சி, தம்பி."

"வோர்னிங் லெற்றருக்கு மெர்சி சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்!"

"வேற என்ன சொல்லுறது? நாளைக்கும் வரச் சொல்லுறியள்தானே."

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, அன்ரி கூடு கழுவப் போனார்.