294409 பகா எண் அல்ல

நான் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். ஆய்வு வழிகாட்டிகளாக வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. சந்தேகம்

சுகந்தி என்னிடம் பிஎச்.டி. செய்தாள். முக்கொம்புப் பக்கம் விவசாயக் குடும்பம். பட்டம் வந்தால் எங்கள் கல்லூரியிலேயே வேலை என்று பேச்சு இருந்தது. பகா எண்களைப் பற்றிய அவளுடைய ஆய்வு முழுவதும், நான் எழுதிக் கொடுத்த ஒரு ப்ரோக்ராமை நம்பி நின்றது.

அந்த ப்ரோக்ராம் 2, 3, 5, 7 ஆகியவற்றை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுக்கும். மீதி 1 வராவிட்டால் அது பகா எண் அல்ல. வந்தால், பகா எண்ணாக இருக்கக்கூடும், அவ்வளவுதான். நான் அந்தக் 'கூடும்' என்பதை விட்டுவிட்டேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் வந்தாள்.

"சார், ப்ரோக்ராம் பகா எண்ணுன்னு சொன்னதுல 294409 மேல சந்தேகமா இருக்கு. எல்லாத்தையும் ஒருதடவை வகுத்துப் பாத்துடட்டுமா?"

"நாலு சோதனையிலயும் மீதி ஒண்ணுதானே வருது? தேதி குறிச்சாச்சும்மா. இப்பப் போய்க் குட்டையைக் குழப்பாதீங்க."

2. வைவா

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதே எண்ணில் விரலை வைத்தார்.

"இதை மூணு மூணா பிரிச்சுக் கூட்டுங்கம்மா."

கரும்பலகையில் எழுதினாள். 294 + 409 = 703.

"முப்பத்தேழால போகுமா?"

"போகும் சார். பத்தொம்பது தடவை."

"அப்ப இது பகா எண்ணா? இதுவே இப்படின்னா மத்ததை எப்படி நம்புறது? ப்ரோக்ராம் யாரு எழுதினது?"

999 என்பது 37-இன் மடங்கு. அதனால் ஆறு இலக்க எண்ணை இப்படிப் பிரித்துக் கூட்டினால், 37-ஆல் வகுபடுமா என்பது தெரிந்துவிடும். வருடா வருடம் முதலாண்டு வகுப்பில் இதை நடத்தியவன் நான்.

சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"கேண்டிடேட் எழுதினதுதான். நான் இன்னும் கவனமாப் பாத்திருக்கணும்" என்றேன். இரண்டாவது வாக்கியம் மட்டும் உண்மை.

அவள் மறுத்துப் பேசவில்லை. ஆய்வேடு திரும்பி வந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போனது. திருத்திக் கொடுக்க அவள் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

3. தில்லை நகர்

சென்ற மாதம் ரத்தப் பரிசோதனைக்கு தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கவுண்ட்டரில் பெயர் பதிந்துகொண்டிருந்தது அவள்தான்.

"வாங்க சார். வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?"

"சுகந்தி, அது என் ப்ரோக்ராம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார். சொல்லியிருக்கணும்."

பின்னால் ஒருவர் நெருக்கினார். அவள் என் டோக்கனை நீட்டினாள்.

"உக்காருங்க சார். கூப்பிடுவாங்க."

மாணவர் ஓர் எண்ணைச் சந்தேகித்தால் அங்கேயே உட்கார்ந்து வகுத்துப் பாருங்கள். 37 வரை போவதற்கு அதிக நேரம் ஆகாது. நான் வைவா முடிந்த அன்று மாலைதான் வீட்டுக்குப் போய்த் தனியாக வகுத்துப் பார்த்தேன். 37, 73, 109. மீதி எதுவும் இல்லை.