நீலத்துக்கு நீலம்

மாலை நாலு பத்துக்குத் தங்கையின் உதடு நீலமானது. மணி பார்க்கக் கற்றுக்கொண்ட புதிது என்பதால் நேரம் மறக்கவில்லை. எனக்கு எட்டு வயது, அவளுக்கு மூன்று. காஞ்சிபுரத்தில் நூலுக்குச் சாயம் போடும் அப்பா, அன்று வாலாஜாபாத் போயிருந்தார்.

சாயக்காரர் வீட்டுப் பிள்ளையின் நிறத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அம்மா சீயக்காய் போட்டு உதட்டைத் தேய்த்தாள். மண்ணெண்ணெய் தொட்டும் துடைத்தாள். நகங்களும் நீலமாகிக் குழந்தை துவண்டு சாய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா எடுத்த ரத்தம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. காற்றுப் பட்டும் சிவக்கவில்லை. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். மோர்ச்சோறு என்றாள் அம்மா. மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளச் சாயக் கொட்டகை டப்பாவிலிருந்து நான் அள்ளிக் கொடுத்த வெள்ளை உப்பைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அடி விழும். தங்கைக்கு மூச்சு இரைத்தது. சொல்லிவிட்டேன்.

வந்த மருந்து மை போல நீலம். அம்மா ஊசியை மறித்தாள்.

"ஏற்கெனவே நீலமா இருக்குது, இன்னும் நீலத்த ஏத்துறீங்களேம்மா?"

"பாத்துக்கினே இரும்மா."

அரைமணி நேரத்தில் நகத்தில் சிவப்பு ஏறியது. பிறகு உதட்டில். கண் விழித்தவள் மாங்காய் கேட்டாள். வார்டே சிரித்தது.

பல வருடம் கழித்து, என் மகளின் பாடநூலில் காரணத்தைப் படித்தேன். அப்பா சாயம் போடும் நூல் வெள்ளைதான்; அதன் சிவப்பு, அதில் ஒட்டிக்கொண்ட சாயத்துடையது. ரத்தமும் அப்படித்தான். ஹீமோகுளோபின் என்ற பெரிய புரதத்தால் தனியாகப் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. அதில் ஒட்டியிருக்கும் ஹீம் என்ற சிறு கூறும், அதன் நடுவிலுள்ள இரும்பும்தான் பிடித்துக்கொள்கின்றன. சாய உப்பு அந்த இரும்பைக் கெடுத்திருக்கிறது. அதைத் திருத்தும் நொதிக்கும் இப்படியொரு ஒட்டுக்கூறு இல்லாமல் வேலை ஓடாது. நீல மருந்து நொதிக்கும் இரும்புக்கும் நடுவே ஓடி வேலையை வேகமாக்கியிருக்கிறது. படித்த அன்றிரவும் எழுந்துபோய் என் பிள்ளைகளின் நகங்களைப் பார்த்தேன்.

தங்கை பிழைத்த அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். தங்கை அப்போது, நீல மருந்து இறங்கியதால், பச்சை நிறத்தில் ஒன்றுக்குப் போய்விட்டுப் பெருமையோடு நின்றிருந்தாள். அம்மா நடந்ததைச் சொல்ல, நான் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அப்பா ஏன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார் என்று அன்று புரியவில்லை.

"நீ வாயத் தொறந்ததாலதாம்மா இவ பொழச்சா. டப்பாவக் கீழ வெச்சது நானு."