ஏழு நாளும் பதினாறு நாளும்

பாலக்கோட்டை அடுத்த சிற்றூரில் தக்காளி பயிரிட்டு வாழ்பவர் சென்றாயன். ஓசூர்ப் பக்கத்துப் பன்னாட்டுப் பள்ளி ஒன்று சிற்றூர் மாணவர்க்கு உதவித்தொகை தருவதைக் கேள்வியுற்று, ஒரே மகள் காவேரியை அங்கே சேர்த்தவள் அவர் மனைவி சசிகலா. பத்தாம் வகுப்புக்கு ஈடான அப்பள்ளித் தேர்வுக்கு வினாத்தாள் கடல்கடந்து வரும். விடைத்தாள் கடல்கடந்து போகும். கணிதத்தில் உயர்தரம் பெற்றால் மேலும் இரண்டாண்டு உதவித்தொகை தொடரும். பெறாவிடின் அவ்விடம் வேறொருவர்க்கு.

வைகாசித் தொடக்கத்தில், கணிதத்தின் இரண்டாம் தாளுக்கு முதல்நாள் விடியலில், தக்காளி பறிக்கச் சென்ற சசிகலாவை நாகம் தீண்டியது. தருமபுரி அரசு மருத்துவமனையில் உச்சிப்பொழுதுக்குள் உயிர் பிரிந்தது. விடுதியிலிருந்து விரைந்துவந்த காவேரி தாய்க்கு வாய்க்கரிசி இட்டாள். மறுநாள் தோழியர் கணக்குத் தேர்வெழுதிய நேரத்தில் அவள் இழவு வீட்டில் அமர்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியின் தேர்வு அலுவலர் பிரியதர்ஷினி தொலைபேசியில் அழைத்தார். பெற்றோர் இறப்பால் ஒரு தாள் எழுத இயலாதவர்க்கு, எழுதிய தாளைக் கொண்டே தரம் வழங்க விதியில் இடமுண்டு. தேர்வு நாளிலிருந்து ஏழு நாளுக்குள் தந்தை நேரில் வந்து கையொப்பமிட்டு, மருத்துவமனைச் சான்றை ஒப்படைக்க வேண்டும். சான்று வீட்டுப் பேழையில்தான் இருந்தது.

ஆண்மகவு இல்லாமையால் கொள்ளி வைத்தவர் சென்றாயனே. கொள்ளி வைத்தவர் பதினாறாம் நாள் காரியம் முடியுமுன் ஊரெல்லை தாண்டலாகாது என்பது அவர் குடிவழக்கம். தாண்டினால் பிரிந்த உயிர் வழியறியாது அலையும் என்பது அவர் நம்பிக்கை.

பங்காளி தங்கராஜ் தேற்றினார். "ஆபீசுன்னா ஏழு நாளுன்னுதான் சொல்லுவாங்க. எம் பையன் பெயிலானப்ப அடுத்த மாசமே மறுபரீட்சை வெச்சாங்க இல்ல? இழவு வூட்டுக்காரன எவன் கழுத்தப் புடிச்சித் தள்ளப்போறான்?"

கெடு முடியும் நாளுக்கு முந்தைய மாலை காவேரி தந்தையருகே வந்து நின்றாள். "நாளைக்குத்தான்பா கடைசி."

அவர் நிமிரவில்லை. "உங்கம்மாவ நடுவழியில உட்டுட்டு வரச் சொல்றியா கண்ணு?"

அதன்பின் அவள் கேட்கவில்லை.

காரியம் ஒரு குறையுமின்றி நிறைவேறியது. பதினேழாம் நாள் சென்றாயன் மழித்த தலையோடு முதல் பேருந்தில் ஓசூர் சென்றார். பிரியதர்ஷினி அவரை அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, கெடு கடந்ததைச் சொன்னார். அடுத்த தேர்வு ஐப்பசியில்தான் என்றார்.

"அப்ப எழுதிக்கிடட்டுங்க."

"எழுதலாங்க. ஆனா அதுவரைக்கும் எடம் காத்திருக்காதுங்க."

ஆவணியில் முடிவு வந்தது. ஏனைய பாடங்களில் எல்லாம் உயர்தரம். கணிதத்துக்கு நேரே தரமில்லை. உதவித்தொகை வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. காவேரி கைப்பேசியில் அதைத் தந்தைக்குப் படித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்:

"அம்மா போய்ச் சேந்துருச்சாப்பா?"

அவள் குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே அறிய விரும்பினாள். சேர்ந்துவிட்டாள் என்று சொல்லச் சென்றாயன் வாயெடுத்தார். சொல் எழவில்லை.