பார்க்காத கட்டங்கள்

அப்பாவின் வள்ளம் திரும்பி வராமல் போனபோது நான் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. காற்று ஓய்ந்த பிறகும் தொண்டைமானாற்றுக் கரையில் அவருடைய இடம் வெறுமையாகவே கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் கணினி படித்துக்கொண்டிருந்த அண்ணை லப்டொப்போடு வந்து இறங்கினார். ஊரில் இருந்த ஆண்கள் எல்லோரும் அப்பாவைத் தேடிக் கடலுக்குப் போனார்கள்; அண்ணை போகவில்லை. கடற்றொழில் செய்யும் வீட்டில் பிறந்தும் அவருக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே தலை சுற்றிச் சத்தி வரும். அப்பாவின் பகிடிகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

தேடப் போனவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனையோடு போய், பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வந்தார்கள். அண்ணை இரண்டு நாள் குனிந்திருந்து ஒரு புரோகிராம் எழுதினார். கடல் முழுவதையும் சதுரம் சதுரமாகப் பிரித்து ஓர் அணிக்குள் வைத்திருந்தார். குறுக்கே நிரைகள், நெடுக்கே நிரல்கள். மேல் நிரை ஆழக்கடல், கடைசி நிரை கரையோரம். பார்க்காத கட்டத்தில் பூச்சியம், பார்த்த கட்டத்தில் ஒன்று.

“கடலுக்கும் கோடு கீறலாமோ?” என்று சித்தப்பா கேட்டார். அப்பாவின் தம்பியான அவர்தான் தேடும் வள்ளங்களுக்கெல்லாம் முன்னால் போனவர். கேட்டாலும் மறுநாளிலிருந்து அந்தக் கட்டங்களின்படியே போனார்.

பின்னேரம் வள்ளங்கள் வந்ததும் அவர்கள் பார்த்த கட்டங்களின் எண்களை லப்டொப்பில் அடிப்பது என் வேலை.

“நிரை முதல், நிரல் பிறகு. மாறி அடிச்சியெண்டால் வேறை கடலைப் பாத்ததாப் போயிடும்” என்றார் அண்ணை.

அடித்து முடித்ததும் புரோகிராம் ஒவ்வொரு கட்டமாகத் தானே நடந்து பார்க்கும். ஒரு நிரையை மேற்கிலிருந்து கிழக்கு வரை முடித்துவிட்டுத்தான் அடுத்த நிரைக்கு இறங்கும். எங்காவது ஒரு பூச்சியம் இருந்தால் ‘இன்னும் இருக்கிறது’ என்று எழுதும். எதுவுமே இல்லாவிட்டால் ‘பார்த்து முடிந்தது’ என்று எழுதும் என்று அண்ணை சொல்லியிருந்தார். அந்த வசனத்தை நான் அதுவரை ஒருநாளும் கண்டதில்லை.

கட்டங்கள் நிரம்பிக்கொண்டு வந்தன. ஒருநாள் சித்தப்பா வாசற்படியில் இருந்துகொண்டு, “இனித் தேடினது காணும் தம்பி. ஐயரோடை கதைச்சு அப்பாவின்ரை அந்தியேட்டிக் கிரியையைச் செய்வம். அண்ணி எத்தினை நாளைக்கு உப்பிடியே இருக்கிறது?” என்றார்.

“முழுக்கப் பாத்து முடியட்டும் சித்தப்பா. முடிஞ்ச பிறகு செய்வம்” என்றார் அண்ணை.

அம்மா உள்ளே இருந்தார்.

கடலில் பூச்சியங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டிருந்த ஒரு நாள், பள்ளிக்கூடத்தால் வந்து லப்டொப்பைத் திறந்தேன். அடியில் ஒரு புதிய நிரை இருந்தது. முழுவதும் பூச்சியம். அடுத்த நாள் அதன் கீழ் இன்னொன்று. பிறகும் ஒன்று. அண்ணை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நானும் இப்போது புரோகிராம் எழுதும் தொழில்தான் செய்கிறேன். ஏன் அடியில் சேர்த்தார் என்று தெரியும். மேலே ஒரு நிரையைச் செருகினால் மற்ற எல்லா நிரைகளின் இலக்கமும் மாறிப்போகும். அடியில் ஒட்டினால் எதுவும் கலையாது. களைத்துப்போன ஒருவர் செய்யும் இலகுவான வேலை அது. ஆனால் அடி என்பது தெற்கு. தெற்கில் கடல் இல்லை, ஊர்தான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். ஒரு கட்டத்துக்குள் எங்கள் ஊரே அடங்கிவிடும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. முதலில் வந்த நிரை கரையில் இருந்த மீன்வாடிக் கொட்டில், அடுத்தது றோட்டு, அதற்கடுத்தது எங்கள் ஒழுங்கை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நிலத்தில் இருந்த கால்களை நாற்காலியின் மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டின் மேல் ஒரு பூச்சியம் இருந்தது.

சித்தப்பாவின் ஆட்கள் கடலில் மிச்சமிருந்ததைப் பார்த்து முடித்தார்கள். தரையை யாரும் பார்க்கவில்லை. ஆகவே நான் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் வாடிக்குள் போனேன். கவிழ்த்து வைத்த வள்ளங்களுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அங்கே மணல் ஈரமாக, ஆள் படுத்து எழும்பின மாதிரிக் குழிந்திருந்தது. நாயாக இருக்கும். றோட்டோரத்து மதகுக்குள் “அப்பா” என்று கூப்பிட்டேன். என் குரலே திரும்பி வந்தது, கொஞ்சம் தடித்து. ஒவ்வொரு நாளும் பார்த்த இடங்களுக்கு ஒன்று போட்டேன்.

கடைசியில் வீடு மட்டும் மிஞ்சியது.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். குசினி, அலுமாரிக்குப் பின்பக்கம், குளிக்கிற இடம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது கீழே ஒரு தலை தெரிந்தது, என்னுடையதுதான். பிறகு வலை அறையின் கதவைத் தள்ளினேன்.

யன்னல் சாத்தியிருந்தது. வலைக் குவியலின் மேல், எனக்கு முதுகைக் காட்டியபடி அப்பா போடும் நீலச் சேட்டு இருந்தது. அதற்குள் ஆள் இருந்தது. தோள்கள் மெல்ல ஏறி இறங்கின. வலையின் கிழிசலைப் பொத்தும்போது அப்பா தலையை ஒரு பக்கம் சரிப்பது போலவே அந்தத் தலையும் சரிந்திருந்தது.

ஓர் அடி உள்ளே வைத்தேன்.

“கதவைச் சாத்திப்போட்டுப் போ, பிள்ளை.”

மறுபுறம் பார்த்தபடியே வந்த குரல் தணிந்து, கரகரத்து இருந்தது. சேட்டின் கீழே சேலையின் கரையைக் கண்ட பிறகுதான் அம்மா என்று தெரிந்தது. கதவைச் சாத்தினேன்.

முன்னறையில் போயிருந்து நிரையை அடித்தேன், நிரலை அடித்தேன், ஒன்று போட்டேன். புரோகிராம் மேலிருந்து நடந்து வந்தது. ‘பார்த்து முடிந்தது.’

நான் பெருமையோடு அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து திரையைப் பார்த்தார்.

“ஆர் உந்த ஒண்டைப் போட்டது?”

“நான்தான். வீட்டைப் பாத்திட்டன். அப்பா இல்லை.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டார்.

“வடிவாப் பாத்தனியோ?”

“ஓம்.”

“கிணத்துக்குள்ளை?”

“ஓம் அண்ணை.”

“வலை அறை?”

“பாத்தனான். அங்கை அம்மாதான் இருக்கிறா.”

அவர் தலையாட்டினார். பிறகும் எழும்பாமல், முதலில் இருந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். இவ்வளவு கவனமாகச் செய்த வேலையைச் சந்தேகப்படுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று கத்தினேன். இல்லை அண்ணை, ஓரிடம் விட்டுப்போச்சுது என்று நான் சொல்வேனோ என்று அவர் காத்திருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.