டியூப் லைட்டின் மேல் போட்ட பழி

எங்கள் ஷூ கம்பெனியில் எது தப்பாகப் போனாலும் லைட்டைத்தான் சொல்வோம். எனக்கு ஜோடி சேர்க்கிற வேலை. தைத்து வருகிற அப்பர்களில், அதாவது ஷூவின் மேல்பாகங்களில், இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே நிறமா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். பழுப்பு என்றால் ஒரே பழுப்பு என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் மேசையில் வந்து உட்கார வேண்டும். வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டி, நிறம் சேரவில்லை என்பார். நாங்கள் ஒரே குரலில், "லைட்டு சரியில்ல சார்" என்போம். பாவம், லைட்டுக்கு வாய் கிடையாது.

அதனால் இடது ஓரத்தில் ஏதோ மினுக்கென்று மின்னி மறைந்தபோது நான் அண்ணாந்து பார்த்தது லைட்டைத்தான். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்தேன். மறுபடி மினுக். யாரோ பக்கத்தில் நின்று செல்போனைத் திருப்புகிற மாதிரி இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. அன்று முழுக்க இல்லாத ஈயை விரட்டுகிறவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு வலது கண்ணில் விழித்திரை பிரிந்து, வேலூரில் ஆபரேஷன் ஆனவள் நான். கண்ணுக்குள் காற்றை அடைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். சாப்பிட்டது, சண்டை போட்டது, அழுதது எல்லாம் தரையைப் பார்த்தபடிதான். நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களின் பாதங்களை மட்டும்தான் பார்த்தேன். அந்தக் கண்ணில் இன்றைக்கும் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போலத்தான் தெரியும். எனக்குச் சோறு போடுவது இடது கண்.

"ஓரத்துல மின்னல் மாதிரி அடிச்சா உடனே வந்துடுங்க" என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். மறக்கவில்லை. ஆனால் அது கெட்டுப்போன கண்ணுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். மின்னுவது இடது பக்கம், இடதுதான் நல்ல கண்ணாயிற்றே.

பக்கத்து மேசைக்காரியிடம் கேட்டேன். "லைட்டு மினுக்குது, இல்ல?"

அவள் மேலே பார்த்தாள். "ஆமாக்கா. காலையில இருந்தே ஒரே பேஜாரு."

எதிரே இருந்தவள், "எனக்குத் தலையே வலிக்குதுக்கா" என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வரிசை முழுவதும் லைட் மினுக்குகிறது என்று முடிவாகிவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து டியூப்பை மாற்றினார். மறுநாளும் மினுக்கியது. "இன்னும் அப்டியேதான் கீது" என்றேன். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் வரிசை முழுக்கப் புது லைட் போட வைத்தார்.

"இப்போ எப்டி?" என்று கேட்டார்.

"சூப்பரா கீது சார்" என்றார்கள். தலைவலிக்காரிக்குத் தலைவலியே போய்விட்டதாம்.

எனக்கு மினுக்கியது.

இத்தனை லைட்டை மாற்ற வைத்துவிட்டு எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிச் சாய்ந்தேன். மூடிய கண்ணுக்குள், இடது ஓரத்தில், அதே மினுக். அங்கே எந்த எலக்ட்ரீஷியன் வந்து எந்த டியூப்பை மாட்டினான்? இந்தக் கண்ணும் போனால் நான் எந்த மேசையில் உட்காருவேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை, பேச்சு கம்மி. "சரி, காலையில போலாம்" என்றார். அவ்வளவுதான். டீயைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்தார். பெண்டாட்டிக்குக் கண் போகப் போகிறது, இந்த மனுஷனுக்குப் பதற்றம் என்பதே கிடையாதா என்று பற்றிக்கொண்டு வந்தது. காலையில் பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போட்டு, நெடுநேரம் பார்த்தார் டாக்டரம்மா. "சின்னதா ஒரு கிழிசல் இருக்கும்மா. திரை இன்னும் பிரியல. இன்னைக்கே லேசர் வெச்சிடலாம்."

"அப்போ மின்னுறது?"

"கண்ணுக்குள்ள இருக்கற ஜெல்லு சுருங்கி, திரையைப் பிடிச்சு இழுக்குது. திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அதுக்குத் தெரிஞ்சது வெளிச்சம் ஒண்ணுதான்."

என்ன உடம்பு இது! சுண்டுவிரல் நகம் பிய்ந்தால் ஊரைக் கூட்டுகிற வலி, இதற்கு வரக்கூடாதா? வலித்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன்.

"ஏம்மா இத்தனை நாள் வரல?"

"லைட்டுதான்னு நெனச்சேன் மேடம். எங்க லைன்ல எல்லாருமே பாத்தாங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "உங்க கண்ணுக்குள்ள நடக்கறத அவங்க எப்டிம்மா பாத்தாங்க?"

அந்த வரிசையில் இருந்த ஒவ்வொருத்தியையும் மனசுக்குள் பெயர் சொல்லித் திட்டினேன். ஒருத்தியாவது "இல்லியேக்கா, எனக்கு ஒண்ணும் தெரிலயே" என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அக்கா மனசு நோகக் கூடாதாம். லேசர் வைத்த நேரம் முழுக்கத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன், அதனால் பயம் அவ்வளவாகத் தெரியவில்லை.

"மினுக்கல் கொஞ்ச நாள் இருக்கும். ஜாஸ்தியானா வாங்க" என்றார்.

"எவ்ளோ ஆனா ஜாஸ்தி மேடம்?"

"சந்தேகம் வந்தா வாங்க. ஒண்ணுமில்லன்னு கேட்டுட்டுப் போங்க. தெனமும் ஒரு கண்ணைப் பொத்தி, ஓரத்துல ஏதாவது மறைக்குதான்னு மத்த கண்ணால பாருங்க."

மருந்தின் கூச்சம் தெளிய சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். நேரே சுவரைப் பார்த்தேன். இடது ஓரத்தில் வீட்டுக்காரர் தெரிந்தார், கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி. மேலிருந்து கீழ் வரை எந்தக் குறையும் இல்லாமல் தெரிந்தார். திரும்பி நன்றாகப் பார்த்தேன். சட்டைப் பட்டன் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்கியது.

"இன்னாங்க இது? இப்டியேவா ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?"

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். "காலையில கை நடுங்கிச்சு" என்றார்.