போர்ட் என்றால் பெட்டி

கமலநாயகி மாமி ஆஸ்திரேலியாவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் ஓர் ஆஸ்திரேலியர் வாய் திறந்தால், அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார். சென்ற வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய வேலை இந்தத் திறமையில்தான் தொங்கியது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அவரோடு வேலை பழகும் லூக்காஸ் என் பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவன். அவன் சொன்னதையும் மாமி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாமி யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் ஜெர்மனியின் எசனுக்கு வந்து, ஒரு ஹோட்டலின் சலவை அறையில் துணி மடித்தார். கலியாணத்துக்குப் பிறகு பிராங்பேர்ட். விமான நிலையத்தில் ஒன்பது வருடம் பின்னறையில் இருந்தார். முகவரி அட்டை கிழிந்துபோன பெட்டிகள் வந்து சேரும், ஜன்னல் இல்லாத அறை அது. பெட்டிகளோடு மட்டும் பேசிப் பேசி அலுத்துவிட்டது என்று, நாற்பத்தெட்டு வயதில், பெட்டியைத் தொலைத்த பயணிகள் வந்து முறையிடும் முன் கவுண்டருக்கு விண்ணப்பித்தார். ஆறு மாதப் பரீட்சைக் காலம் கொடுத்தார்கள். அது முடிகிற நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

சிக்கல் அவருடைய ஆங்கிலம். அதை அவர் படித்தது பள்ளியில் பாதி, தொலைபேசியில் பாதி. அக்கா புஷ்பா குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பிரிஸ்பேனில், தங்கை கஜந்தி அடிலெய்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் ஒரே அழைப்பில் கூடுவார்கள். பிள்ளைகளும் இடையில் புகுந்து ஆங்கிலத்தில் கத்துவார்கள். கூடினால் சண்டை.

"இவள் டொக்ஸை மறந்திட்டு நீந்தப் போயிட்டாள்," என்பார் புஷ்பா. நீச்சல் உடையைத்தான் சொல்கிறார்.

"அதென்ன டொக்ஸ்? நாய்க்குட்டியோ?" என்பார் கஜந்தி. "பேதர்ஸ் எண்டு வடிவாச் சொல்லுங்கோவன்."

"குளிக்கப் போறவைக்குத்தான் பேதர்ஸ். நாங்கள் நீந்தப் போறனாங்கள்."

பிரிஸ்பேன் பிள்ளை 'டேன்ஸ்' ஆடும். அடிலெய்டுப் பிள்ளை 'டான்ஸ்' ஆடும். பிரிஸ்பேன் பள்ளியில் வகுப்புக்கு வெளியே புத்தகப் பையை வைக்கும் தட்டுக்குப் பெயர் 'போர்ட் ராக்'. அங்கே பழைய ஆட்களுக்குப் பையும் போர்ட், பயணப் பெட்டியும் போர்ட். அடிலெய்டில் பாண் ரொட்டிக்குள் வைக்கும் ஒருவகை இறைச்சிக்குப் பெயர் ஃபிரிட்ஸ்.

"ஐயோ, எங்கடை மேலாளற்றை பேரும் ஃபிரிட்ஸ் தான்," என்று மாமி ஒருமுறை சொல்ல, மூவரும் சிரித்துச் சிரித்து அழைப்பே அறுந்துவிட்டது.

மாமிக்கு இதெல்லாம் புதினமில்லை. அவருடைய கணவர் பாஸ்கரன் மட்டக்களப்பார். அவர் "மறுகா வாறன்" என்பார், இவர் "பேந்து வாங்கோ" என்பார். இரண்டுக்கும் பொருள் 'பிறகு' தான். இருபது வருடமாக ஒரே வீட்டில் இரண்டு சொல்லும் புழங்குகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஊர் இருக்கிறது என்பது அவருக்குச் சமையலறையிலேயே தெரியும்.

ஆனால் மேலாளர் ஃபிரிட்ஸ் குறூகருக்கு அது தெரியாது. அவரிடம் ஒரு முறைப்பாடு வந்திருந்தது. லண்டனிலிருந்து கலியாணத்துக்கு வந்த ஒருவருடைய கோட்டுப் பெட்டி தொலைந்துவிட்டது. மாமி படிவம் நிரப்பிக் கொடுத்தார். அவர் நன்றி சொன்னார். மாமி, தங்கை வீட்டில் நன்றிக்குப் பதிலாக எல்லாரும் சொல்வதுபோல, "நோ வொரிஸ்" என்றார். என் கோட்டுத் தொலைந்திருக்கிறது, கவலைப்படாதே என்கிறாள் இந்தப் பெண் என்று அவர் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை குறூகர் கோப்போடு வந்து மாமிக்குப் பின்னால் நின்றார்.

"உங்கள் ஜெர்மன் போதும். பெட்டிகளைப் பற்றி இங்கே உங்களைவிடத் தெரிந்தவர் இல்லை," என்றார். "ஆங்கிலத்தில்தான் எனக்குச் சந்தேகம். இன்று பத்து மணிவரை பார்ப்பேன். சரிவராவிட்டால் பழைய அறைதான், ஃபிராவ் பாஸ்கரன்."

"பாருங்கள்," என்றார் மாமி.

ஒன்பதரை மணிக்கு, பக்கத்துக் கவுண்டரில் லூக்காஸின் முன்னால் ஒரு முதியவர் வந்து நின்றார். அகலத் தொப்பி, கையில் ஒரு செய்தித்தாள் மட்டும். ஆங்கிலத்தில் பேசினார்.

"என் போர்ட்டைக் காணவில்லை, தம்பி. மாத்திரை எல்லாம் அதற்குள்தான்."

லூக்காஸ் பதறி எழுந்தான். ஜெர்மனில் போர்ட் என்றால், புற்றுநோய்க்காரருக்கு மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சுத் தோலுக்குக் கீழே வைக்கும் சிறு கருவி. அவனுடைய பெரியம்மாவுக்கு ஒன்று இருந்தது.

"உட்காருங்கள்! அசையாதீர்கள்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். "எப்போதிலிருந்து காணவில்லை?"

"சிங்கப்பூரில் இருந்தது."

"வலிக்கிறதா?"

"எனக்கேன் வலிக்க வேண்டும்? ரயில் போய்விடும், அதுதான் வலி. பதினொரு மணிக்கு ஹாலே நகருக்குப் போக வேண்டும். மகள் காத்திருக்கிறாள்."

லூக்காஸ் அவசர மருத்துவர்களுக்குத் தொலைபேசியை எடுத்துவிட்டான். "எனக்கு டாக்டர் வேண்டாம், என் போர்ட் வேண்டும்!" என்று கிழவர் கத்தினார். அவர் கத்தக் கத்த லூக்காஸ் எண்களை மாற்றி மாற்றி அழுத்தினான்.

மாமி தன் முன்னால் நின்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். "உங்கள் இடத்திலேயே இருங்கள்," என்றார் குறூகர். மாமி இருக்கவில்லை. லூக்காஸின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி வைத்தார்.

"ஐயா, நீங்கள் குயின்ஸ்லாந்தா?"

கிழவர் தொப்பியை எடுத்தார். "ஆமாம், அங்கே டூவும்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அக்காவின் மகளும் பள்ளியில் போர்ட் ராக்கில்தான் பையை வைக்கிறாள். உங்கள் போர்ட் என்ன நிறம்?"

"பழுப்பு. பழசு."

"திறந்தால் மேலே என்ன இருக்கும்?"

"டொக்ஸ். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏரி இருக்கிறதாம்."

லூக்காஸ் வாயைப் பிளந்தான். "டொக்ஸ் என்றால் என்ன?"

"நீச்சல் உடை. உடம்புக்குள் இருப்பதில்லை, பயப்படாதே," என்றார் மாமி.

குறூகரும் மாமியோடு பின்னறைக்குப் போனார். சிங்கப்பூர் விமானத்தில் வந்து, அட்டை கிழிந்த பழுப்புப் பெட்டிகள் மூன்று இருந்தன. முதலாவதில் மேலே ஒரு சேலை. இரண்டாவதில் சப்பாத்துகள். மூன்றாவதில் நீல நிற நீச்சல் காற்சட்டை, அதற்குக் கீழே மாத்திரைப் பைகள். பைகளில் கிழவரின் பெயர்.

பெட்டியைக் கண்டதும் கிழவர் மாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நன்றி, அம்மா. பெரிய நன்றி."

குறூகர் பக்கத்திலேயே நின்றார். மாமி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கிழவரின் பக்கம் திரும்பி, உரக்கவே சொன்னார்: "நோ வொரிஸ்!"

கிழவர் சிரித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

"மறுபடியும் அதே சொல்," என்றார் குறூகர்.

"ஓம், அதே சொல்தான்." ஓம் மட்டும் தமிழில் வந்துவிட்டது. மிச்சத்தை ஜெர்மனில் சொன்னார். "லண்டன்காரருக்கு அது பிழை. நான் அதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இவருக்கு அதுதான் சரி. நீங்கள் பவேரியாவுக்குப் போனால் அங்கே வணக்கத்துக்கே வேறு சொல் என்று உங்களுக்குத் தெரியும்தானே? ஆங்கிலமும் அப்படித்தான். இனி யார் முன்னால் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நான் பேசுவேன்."

குறூகர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. கோப்பைத் திறந்து, கவுண்டரில் வைத்தே கையெழுத்திட்டார். பிறகு லூக்காஸிடம், "அந்த டொக்ஸை எழுத்துக்கூட்டி எழுதி வை," என்றார்.

அடுத்த ஞாயிறு அழைப்பில் புஷ்பாவின் பெருமையைப் பிடிக்க முடியவில்லை. "எங்கடை போர்ட் தான் உனக்கு வேலை எடுத்துத் தந்தது! அடிலெய்டுக்காரர் என்ன தந்தவை?"

"நோ வொரிஸ் ஆர் தந்தது? நாங்கள்தானே," என்றார் கஜந்தி. "அது கிடக்கட்டும். ஃபிரிட்ஸ் கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"வைச்சிட்டார்."

"அப்ப நாளைக்குப் பாணுக்கை வைச்சுச் சாப்பிடுறன்."

பாஸ்கரன் மாமா கதவடியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, "மறுகா வாறன்," என்றார். மாமி தொலைபேசியை மூடாமலே கத்தினார்: "ஓம், மறுகா வாங்கோ!"

அந்தப் பக்கத்தில் இரண்டு சகோதரிகளும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்: "நீ இப்ப எந்த ஊரடி?"