வாடகைக் குடோனுக்குக் கைதட்டியவர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் குடோனின் மாடியில் ஷேர் ஆபீஸ் ஒன்று இருந்தது. ஆபீஸ் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிவி, பத்து பிளாஸ்டிக் நாற்காலி, கீழேயிருந்து ஏறிவரும் மிளகு நெடி, அவ்வளவுதான். தும்மிக்கொண்டே பணக்காரர் ஆகிவிடலாம் என்று நம்பிய பத்துப் பேர் தினமும் காலையில் அங்கே கூடுவோம். கார்ப்பரேஷனில் குப்பை வண்டிகளுக்கு ஆள் பிரித்துவிடும் வேலையிலிருந்து ரிட்டையர் ஆன நானும் அதில் ஒருத்தன்.

மற்ற ஒன்பது பேருக்கும் இல்லாத ஒரு கெத்து எனக்கு இருந்தது. நாங்கள் எல்லாரும் காசு போட்டிருந்த கம்ப்யூட்டர் கம்பெனி காக்கநாட்டில் இருந்தது. என் மனைவியின் தம்பி அங்கேதான் வேலை பார்த்தான். சர்வர் என்று சொல்கிற பெரிய மெஷின்கள் வைத்த ஏசி அறை அவன் பொறுப்பு. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்பன், சித்தப்பன், பெரியப்பன் எல்லாரும் விளக்குமாறும் வண்டியுமாக இந்த ஊரைச் சுத்தம் பண்ணியவர்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் என் மச்சினன். ஏசியிலேயே கிடப்பதால் அவனுக்கு மே மாதத்திலும் சளி பிடிக்கும். மாமியார் அந்தச் சளியைத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், கோட்டு போட்ட ஒருத்தர் டிவியில் வந்து, கம்பெனி இனிமேல் 'கிளவுட்' வழியில் போகப்போகிறது என்று அறிவித்தார். அவர் பேசி முடிப்பதற்குள் விலை சரசரவென்று இறங்கிவிட்டது. எங்கள் பத்துப் பேருக்கும் முகம் செத்துப்போனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் செல்போனை எடுத்துக்கொண்டு, மந்திரியிடம் பேசப்போகிறவன் மாதிரி வராந்தாவுக்குப் போனேன்.

"மெஷினை எல்லாம் கழட்டப் போறாங்க அத்தான்" என்றான் மச்சினன். "இனிமே எல்லாம் வேற ஒரு பெரிய கம்பெனியோட மெஷின்ல, இன்டர்நெட் வழியா ஓடும். எவ்வளவு உபயோகிக்கிறோமோ அவ்வளவுக்கு வாடகை." குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னேன். யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர், கழட்டுகிற மெஷின்களைத் தன்னிடம் தந்தால் நூறு வருஷப் பழசு என்று சொல்லி வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிடுவதாகச் சொன்னார். மிளகுத் தரகர் சேட்டன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் விலை சொல்லாத மனுஷர் அவர். "ஸ்வந்தமா ஒரு மெஷின்கூட இல்லாத கம்பெனியாடோ? இதுல கடிச்சுப் பார்க்க என்ன இருக்கு?"

"சேட்டா, உங்க மிளகைச் சொந்த குடோன்ல வைக்காம, வாடகைக்கு இன்னொருத்தன் குடோன்ல வைக்கிறீங்கன்னு வையுங்க. பத்து மூட்டைன்னா பத்து மூட்டைக்கு வாடகை. கூரை ஒழுகினா அவன் பாடு. எலி கடிச்சா அவன் பாடு."

சேட்டன் மோவாயைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்போ காவக்காரன் சம்பளமும் லாபம்!"

"அதேதான்!" என்று தொடையைத் தட்டினேன். அறை முழுக்கக் கைதட்டல். காவக்காரன்கள் எப்படியும் தூங்கத்தானே செய்கிறான்கள் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். என் சிரிப்புதான் பெரிசு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காவக்காரன் யார் என்பது என் மரமண்டையில் அப்போது ஏறவே இல்லை.

அன்றைக்கே எல்லாரும் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டோம். சேட்டனுக்குத் தோன்றியது பம்பாய் ஷேர் மார்க்கெட்காரர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். நாலாம் நாள், செலவு குறையும், ஆள் குறையும் என்று டிவியில் சொல்லச் சொல்ல விலை ஏறிக்கொண்டே போனது. எனக்கு மாலை போடாத குறைதான். சேட்டன் எல்லாருக்கும் சாயாவும், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கித் தந்தார். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

மத்தியானம் மூன்று மணி. வீட்டில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அட்டை இல்லை.

"நாளையிலேருந்து வர வேண்டாம்னுட்டாங்க அத்தான்."

பக்கத்தில் என் மனைவி, அழுத கண்ணோடு. "அது என்ன கையில?" என்றாள். பழம்பொரி என்றேன். எதற்கு என்றாள். சொல்லித் தொலைத்தேன், சனியன் பிடித்த வாய்.

"என் தம்பிக்கு வேலை போனதுக்கு நீங்க சாயா குடிச்சீங்களா?"

அவன்தான் அவளைத் தடுத்தான். "விடுக்கா. அத்தான், ஷேர் வெச்சிருந்தா நீங்களும் அந்தக் கம்பெனிக்கு ஒரு முதலாளிதானே? என்னை வேற ஏதாவது வேலையில போடச் சொல்லி ஒரு கடுதாசி எழுதுங்களேன்." கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவி, நிஜமாகவே கேட்டான்.

எனக்கு இங்கிலீஷ் வராது. நான் சொல்லச் சொல்ல, தனக்கான சிபாரிசைத் தானே இங்கிலீஷில் எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஷேர் வைத்திருக்கும் எல்லாருக்கும் அனுப்புகிற, பளபளவென்று அச்சடித்த தாள். மாமியார்கூட வந்து உட்கார்ந்தாள். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், அதனால் அவனே வரிவரியாகப் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னான். கம்பெனிமேல் நம்பிக்கை வைத்ததற்கு நன்றி. புதிய திட்டம் நினைத்ததைவிட நன்றாகப் போகிறது. வேண்டாத செலவுகள் அடியோடு நீக்கப்பட்டுவிட்டன.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "உன்னைப் பத்தி ஏதாவது போட்டிருக்காடா?" என்று கேட்டாள்.

அவன் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினான்.

"இதுதாம்மா நான்."